கை நீட்டுதல்

துபாஷி வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. பேசுவது நான் அல்ல என்று சொல்லிக்கொள்ளலாம். 2005 ஆடி மாதத்தில் ஒரு நாள் அந்த சௌகரியம் எனக்கும் கிடைத்தது. அன்று சாயங்காலத்துக்குள் கைவிட்டும் போயிற்று.

வெளிநாட்டுச் சபை ஒன்றிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். 2004 டிசம்பர் 26-இன் கடல் வந்துபோய் ஏழு மாதம் ஆகியிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இம்மாதிரி வேன்களுக்குக் குறைவில்லாத காலம். மரக்காணத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில், பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம் பூசுவது அன்றைய ஊழியம். அவர்கள் பூசினார்கள். அதே வேலையைக் கூலிக்குச் செய்யக்கூடிய நான்கு பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமானக் கட்டணத்தில் எத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம் என்கிற கணக்கை யார் வேண்டுமானாலும் போடலாம். சுலபமான கணக்கு என்பதாலேயே அதை விட்டுவிடுகிறேன். என்னைத் தொந்தரவு செய்வது சுவர் அல்ல.

மத்தியானம் உப்பளத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அழைத்துப் போனேன். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்குப் பிறகு உப்புக்குப் பெயர் சொல்லும் ஊர் மரக்காணம்தான். காகிநாடாவிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கே வந்து முடிகிறது. (அதன் சென்னைப் பகுதியை 1877-78-இல் பஞ்சத்தில் அடிபட்டவர்களைக் கொண்டு வெட்டினார்கள். நிவாரணம் என்கிற சொல் இந்தக் கால்வாய்க்குப் புதிதல்ல.) சாலைக்குப் பக்கத்தில் கண் எட்டும் மட்டும் பாத்திகள். பருவத்துக்கு முன் களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். உப்புநீரைப் பாத்தி பாத்தியாக ஓடவிட்டுச் செறிவேற்ற வேண்டும். பிறகு பூத்த உப்பைப் பலகையால் வாரி, கூடையில் சுமந்து வரப்பில் கொட்ட வேண்டும். வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழே வெள்ளையிலிருந்தும் கண்ணுக்குள் வருகிறது. பாதம் வெடித்த இடத்தில் உப்பு இறங்கும். ஐப்பசி மழை விழுந்தால் வேலையே இல்லை. ராஜம் கிருஷ்ணன் 1979-இல் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் தூத்துக்குடி அளங்களை வைத்து இந்த வாழ்க்கையை எழுதினார். மரக்காணத்தை எழுத ஆள் வரவில்லை.

வந்தவர்களில் இரண்டு இளைஞர்கள் பலகையை வாங்கிக் கால்மணி நேரம் வாரிப் பார்த்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், வேலை செய்கிற பெண்களும்தான். புகைப்படம் எடுக்கப்பட்டது. அதில் கபடம் இல்லை. பிறகு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வரப்போரத்துத் தூக்குவாளியைத் திறந்தாள். கேழ்வரகுக் கூழ், இரண்டு துண்டு சுட்ட கருவாடு. அவளுடைய சாப்பாடு. அதை ஒரு லோட்டாவில் ஊற்றி நீட்டி, “குடிக்கச் சொல்லு தம்பி, வெயிலுக்கு நல்லது” என்றாள்.

குழுத்தலைவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: புட்டித் தண்ணீர், கட்டிய பொட்டலம் தவிர எதுவும் வாயில் வைக்கக் கூடாது, விதி, நயமாகச் சொல்லிவிடுங்கள். நியாயமான விதி. பன்னிரண்டு பேரின் வயிற்றுக்கு அவர் பொறுப்பு.

நான் நயமாக மொழிபெயர்த்தேன்: “இன்னைக்கு இவங்களுக்கு உபவாசம்மா.”

இவான் இல்லிச் 1968 ஏப்ரலில் மெக்ஸிகோவின் குவெர்னவாகாவில், சேவைக்குக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடையே பேசிய பேச்சு இந்த விஷயத்தில் பிரசித்தமானது. அவரே கத்தோலிக்கப் பாதிரியார். உங்கள் நல்லெண்ணம் இங்கே உபத்திரவம்; பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலையேற வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். ரொம்ப நாள் இதோடு உடன்பட்டிருந்தேன். உப்பளத்தில் நின்ற பிறகு ஒரு சந்தேகம். அன்று அவர்கள் உதவி செய்யவில்லை, இல்லிச் சொன்னபடி பார்க்கத்தான் வந்தார்கள். ஆனாலும் ஏதோ கெட்டுப்போயிற்று. ஆகவே கோளாறு கொடுப்பதில் இல்லையோ என்று படுகிறது. வாங்க முடியாமல் போவதில் இருக்கலாம்.

இது அவர்களுடைய வேதத்துக்கே அந்நியமான யோசனை அல்ல. லூக்கா சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் ஊர் ஊராக அனுப்பப்படுகிறார்கள். பணப்பை கூடாது, மாற்றுச் செருப்பு கூடாது, போகிற வீட்டில் எதை வைக்கிறார்களோ அதைச் சாப்பிட வேண்டும். அதாவது ஊழியக்காரன் வெறுங்கையோடு, பசியோடு வருகிறவன். ஊரார் சோறு போட்டால்தான் அவன் வேலை ஆரம்பமாகும். நல்ல சமாரியன் கதை வருவதும் இதே அதிகாரத்தில்தான். பிரசங்கங்களில் சமாரியனைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். அவன் கையில் எண்ணெயும் காசும் இருந்தன. கொடுக்கிறவனாக நம்மைக் கற்பனை செய்துகொள்வது இதமாக இருக்கிறது.

இதே கடற்கரையில் தெற்கே தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஸீகன்பால்குவின் கதையும் இங்கே பொருந்தும். அவர் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார், சுவடி சேர்த்தார், இங்குள்ள தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெரிய நூலை ஜெர்மனில் எழுதி முடித்தார். இங்கிருந்து வாங்கியதை அங்கே கொடுக்க நினைத்த காரியம். நூல் அச்சேறியது 1867-இல், அதுவும் சென்னையில். போதிக்க அனுப்பிய ஸ்தாபனத்துக்குத் திருப்பி வாங்கிக்கொள்கிற ஏற்பாடு இருக்கவில்லை.

தமிழ் படித்தவர் ஒருவர் இங்கே என்னை மறிப்பார். ஓரியை முன்னிறுத்திக் கழைதின் யானையார் பாடிய புறப்பாட்டு, கொடுப்பது உயர்வு என்றால் வேண்டாம் என்று மறுப்பது அதனினும் உயர்வு என்றல்லவா வைக்கிறது? வைக்கிறது. ஆனால் அது ஒன்றுமில்லாத பாணனின், புலவனின் மறுப்பு. இல்லாதவன் மறுக்கும்போது அவனுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே சொத்தை, மானத்தைக் காக்கிறான். எல்லாம் இருக்கிறவன் இல்லாதவளிடம் வேண்டாம் என்னும்போது யாருடைய மானம் காப்பாற்றப்படுகிறது? ஒரே வாக்கியம்தான், வாய் மாறினால் தலைகீழாகிவிடுகிறது. கையை மேலே வைத்துக்கொண்டே இருப்பதற்கு ஈகை ஒரு வழி என்றால், வாங்காமலிருப்பது இன்னும் நிச்சயமான வழி.

மரக்காணத்தைச் சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் என்று அடையாளம் சொல்வார்கள். அந்தப் பாட்டில் இந்த வழியாகப் போகிற பாணர்களுக்குக் கரைக்காரர்கள் கள்ளும் சுட்ட மீனும் தருகிறார்கள். அங்கே வந்தவன் வாங்குகிறவன், கரை கொடுக்கிறது. அம்மாளின் லோட்டாவைப் பார்த்தபோது இது நினைவுக்கு வந்தது என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். வரவில்லை. மாதங்கள் கழித்துத்தான் வந்தது. அப்போது நினைவில் இருந்தது வேறொன்று.

உபவாசம் என்ற சொல் என் வாயில் எப்படி அத்தனை சீக்கிரம் வந்தது? விதி, வயிறு, கிருமி என்று சொல்லியிருக்கலாம். புரியாத விஷயமில்லை. ஆனால் நம் ஊரில் ஒருவர் கொடுத்த சாப்பாட்டை மறுப்பதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது. அந்த அர்த்தம் அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளைக்காரர்களுக்குத்தான் தெரியாது. யார் கையில் தண்ணீர் வாங்குவது, யார் கையில் வாங்கக் கூடாது என்பதை வைத்தே தெருக்களைப் பிரித்த தேசம் இது. என் தாத்தா வீட்டுத் திண்ணையில், களத்து வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. சிறுவயதில் அதில் நானே மோர் ஊற்றியிருக்கிறேன், உயரத்திலிருந்து. கொடுத்தோம், தாராளமாகவே கொடுத்தோம். அவர்கள் வீட்டில் ஒரு வாய் குடித்ததில்லை. விருந்தாளிகளின் மறுப்பு அவள் காதில் அந்தப் பழைய மறுப்பாக விழுந்துவிடக் கூடாதே என்றுதான் கௌரவமான பொய்யைத் தேடினேன். இதுவரை நான் கெட்டிக்காரன்.

“அப்படியா, நல்லது” என்று அவள் லோட்டாவை என் பக்கம் திருப்பினாள். “நீ குடி தம்பி.”

எனக்கு எந்த விதியும் கிடையாது. அந்தச் சாலையோரக் கடைகளில் எதை எதையோ தின்றிருக்கிறேன். வயிறு ஒன்றும் ஆனதில்லை. சட்டென்று பதில் வரவில்லை.

“நீயும் உபவாசமா?”

கேட்ட குரலில் கேலி இல்லை. கோபமும் இல்லை. ஆமாம்மா என்றேன். அவள் வாளியை மூடி, வேலையைப் பார்க்கப் போனாள்.

வேன் ஐம்பது அடி தள்ளி நின்றது. ஏறினதும் பிஸ்கட் பொட்டலம் பிரித்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது, அளத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். எனக்கும் ஒன்று நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.