வெண்பாக்கத்து ஊன்றுகோல்

உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ உடைய குழந்தை பிறந்த வீட்டிற்கு, மருத்துவச் சான்றிதழ் வருவதற்கு முன்பே, இது யார் செய்த வினை என்னும் கேள்வி உறவினர் வாயிலாக வந்து சேர்ந்துவிடுகிறது. அதன் சுமை பெரும்பாலும் தாயின்மேல் இறங்குகிறது. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கும். பல பிறவிகளில் ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். குறைபாட்டைப் பிராரத்தம் என்று சொல்லி அமைந்துவிடுவோர் மூன்றாவதை மறந்துவிடுகின்றனர். வினையை அளந்து அவரவர்க்குக் கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே என்பது சித்தாந்தத்தின் துணிபாதலால், பிறர் வினையைப் படித்துச் சொல்லும் உரிமை அயலாருக்கு இல்லை. ஆனால் அந்த வீட்டைப் பார்த்து அயலார் செய்வதும் செய்யாது விடுவதும் அவர்களுடைய ஆகாமியமாக ஏறிக்கொண்டே இருக்கிறது.

இவ்வாதத்திற்குக் கடுமையான சோதனை சுந்தரர் வரலாறு. சங்கிலியாரைப் பிரிவதில்லை என்று சூளுரைத்து மணந்த அவர், திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். ஆகவே இங்கே குற்றம் ஐயத்திற்கு இடமின்றித் தெரிகிறது, ஒறுத்தவனும் இறைவனே. பார்வையற்ற நிலையில் அவர் முதலில் வந்தடைந்து பதிகம் பாடிய தலம் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள வடதிருமுல்லைவாயில். முல்லைக்கொடிகளில் சிக்கிய யானையை விடுவிக்கத் தொண்டைமான் வீசிய வாள் பட்டுக் காயமுற்ற திருமேனி என்பது அத்தலத்தின் வரலாறு. அந்தக் காயத்தின் பொருட்டே ஆண்டின் பெரும்பகுதி இலிங்கம் சந்தனக் காப்பில் இருக்கிறது. வடுவைச் சுமந்த அத்திருமேனிக்கு மாசிலாமணி என்று பெயர் விளங்குவதைப் பக்தர்கள் முரணாக உணர்வதில்லை.

அங்கிருந்து சுந்தரர் பூண்டிப் பகுதியிலிருந்த திருவெண்பாக்கத்திற்குச் சென்றார். பழைய கோயில் இன்று நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்க, பூண்டியில் அது மறுபடி எழுப்பப்பட்டுள்ளது. கோயிலில் உள்ளாயோ என்று அவர் கேட்க, உள்ளோம், நீர் போகலாம் என்னும் பொருளில் விடை கிடைத்தது. கூடவே ஓர் ஊன்றுகோலும் கிடைத்தது. ஒரு கண்ணின் பார்வை காஞ்சியிலும் மறுகண்ணின் பார்வை திருவாரூரிலும் பின்னரே திரும்பின. இடைப்பட்ட வழியில் அந்தக் கோலே அவருக்குத் துணையாயிற்று. குற்றம் உறுதியான இடத்திலும், தண்டித்தவனே துணைக்கருவியை மறுக்கவில்லை என்றால், குற்றம் எதுவென எவருக்கும் தெரியாத ஒரு குழந்தைக்குத் துணையை மறுப்பதற்கு எந்த நூலிலிருந்து நியாயம் காட்ட முடியும்? மேலும் சுந்தரர் நன்றியோடு குனிந்து கோலை வாங்கிச் செல்லவில்லை. தோழமை உரிமையோடு குறைப்பட்டுக்கொண்டே சென்றார். உதவி பெறுபவர் பணிந்தே பேச வேண்டும் என்ற இன்றைய எதிர்பார்ப்பு வெண்பாக்கத்தில் அவர் பாடிய பதிகத்தின்முன் நிற்காது.

பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பிறவியிலேயே பார்வையற்ற தண்டியடிகளைப் பாடும்போது, அவருடைய முற்பிறவி வினையைத் தேடிப் போகவில்லை. திருவாரூர்க் குளத்தைத் தூர்வார விரும்பிய தண்டியடிகள், குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவியபடியே மண் சுமந்தார். அவர் பார்வை பெற, அவரை இகழ்ந்த சமணர் பார்வை இழந்ததாக வரும் முடிவில் சமயப் பகை கலந்திருக்கிறது. பார்வையின்மையைத் தண்டனையாக்கும் அந்த முடிவு இன்று ஏற்கத்தக்கதன்று. அற்புதத்திற்கு முந்தைய அந்தக் கயிறே வரலாற்றின் சிறந்த பகுதி.

பராமரிப்பவர் பக்கம் பார்த்தால் வைணவம் கூடுதலாகச் சொல்கிறது. அர்ச்சாவதாரம், அதாவது கோயிலில் எழுந்தருளியுள்ள திருவுருவம், நீராட்டத்திற்கும் உணவிற்கும் உறக்கத்திற்கும் அர்ச்சகரைச் சார்ந்திருப்பதாக அந்நெறியின் ஆசாரியர்கள் கூறுவர். பிறரைச் சார்ந்திருத்தல் இறைமைக்கே இழுக்கன்று என்பது இதன் உட்பொருள். பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதருக்கு விசிறி வீசும் திருவாலவட்டக் கைங்கரியத்தை வாழ்நாள் பணியாகக் கொண்டார். பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டி ஊட்டும் தாயின் வேலையும் கைங்கரியமே என்று சொல்வது எளிது; ஆனால் அந்த ஒப்பீட்டை முழுமையாகச் செய்ய வேண்டும். கோயிற்பணி ஒருவர் தோளில் மட்டும் வைக்கப்பட்டதன்று. அதற்கு முறை உண்டு: இன்னார் நாள் முடிந்தால் இன்னார் என்ற சுழற்சி. அதற்கு மானியம் உண்டு: பணிசெய்வோர் உண்பதற்கென விடப்பட்ட நிலம். வீட்டிலோ முறையும் இல்லை, மானியமும் இல்லை. ஒரே பெண் முப்பது ஆண்டுகள் இரவும் பகலும் நிற்கிறாள், அவளைத் தெய்வம் என்று புகழ்ந்துவிட்டு ஊர் நகர்ந்துவிடுகிறது. அப்புகழ்ச்சி பக்தியன்று.

மானியத்தின் சாயல் சட்டத்தில் தென்படுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மிகுந்த துணை தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படியைச் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுள் ஒன்றாகக் குறிக்கிறது. எனினும் அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு என்ற வரம்பையும் இட்டுவைக்கிறது. தமிழ்நாட்டில் கடுமையான குறைபாடு உடையோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. சாதாரணப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன்வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. 2018 முதல் அம்பத்தூர் சென்னை மாவட்டத்தில் இருக்க, ஆவடியும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடர்வதால், அடுத்தடுத்த தெருக்களில் வாழ்வோரும் வெவ்வேறு மாவட்ட அலுவலகங்களை நாட வேண்டியுள்ளது. பூவிருந்தவல்லியிலேயே பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும், பார்வைக் குறைபாட்டிற்கான டேராடூன் தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கின்றன. ஆனால் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் மூளை முடக்குவாதமும் உடைய, வயது வந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்கே துணை அரிதாகிறது.

தங்களுக்குப் பின் யார் என்று இப்பெற்றோர் கேட்கும் கேள்விக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒரு பகுதி விடை தருகிறது. மாவட்ட ஆட்சியர் நிலை அலுவலரும், பதிவுபெற்ற தொண்டு அமைப்பின் பிரதிநிதியும், மாற்றுத்திறனாளி ஒருவரும் அமரும் உள்ளூர்க் குழு, சட்டப்படியான காப்பாளரை நியமிக்கலாம். அவ்வறக்கட்டளையின் ‘சமர்த்’ திட்டம் பராமரிப்பவர் சில நாள் ஓய்வெடுக்க, பிள்ளையைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்கு வழிசெய்கிறது. கோயில் முறைக்கு மிக அருகில் நிற்கும் ஏற்பாடு இதுதான். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூன்று ஊர்களிலும், ஒரு தாய் ஆட்டோவில் பிள்ளையை அழைத்துச் சென்று விட்டுவரக்கூடிய தொலைவில், அப்படி ஓர் இல்லம் இருந்தாக வேண்டும்.