'இல்லை' என்ற பெட்டி
சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு இருந்தால் குறுகிய காலம் அமெரிக்கா போய்வர விசா வேண்டாம். 1999 முதல் அப்படித்தான். ஆனால் 2009இலிருந்து, புறப்படுமுன் இணையத்தில் 'எஸ்டா' அனுமதி வாங்க வேண்டும். பேத்தியைப் பார்க்கப் போவதற்காக நானே உட்கார்ந்து நிரப்பினேன். உளவு பார்த்ததுண்டா? இனப்படுகொலையில் பங்குண்டா? இல்லை, இல்லை என்று தட்டிக்கொண்டே வந்தவளுக்கு ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. திக்கிப் பேசிய ஒரு பையனை ஒருகாலத்தில் வகுப்பே சிரிக்கும்படி கேலி செய்தது நினைவுக்கு வந்தது. அதற்கு அங்கே பெட்டி இல்லை. சித்திரகுப்தன் ஏட்டில் முதல் வரியே அதுவாகத்தான் இருக்கும்.

அரசு தனக்கு ஆபத்தானதைக் கேட்கிறது. அதன் வேலை அது. என்னை உறுத்தியது வேறு. அனுமதி வந்ததும், ஏதோ பாவமன்னிப்புக் கிடைத்த மாதிரி ஒரு நிம்மதி! அந்த அனுமதியோ விமானம் ஏற மட்டும்தான். உள்ளே விடுவது அங்குள்ள அதிகாரியின் முடிவு. இரண்டு வருஷத்தில் காலாவதியும் ஆகிவிடும்.

கோயிலுக்குள் போக அனுமதியில்லாத நந்தனாருக்காகத் திருப்புன்கூரில் நந்தி விலகியபோது, அவர் எந்தக் கேள்விக்கும் பதில் எழுதியிருக்கவில்லை. வாசலில் நின்று சிவனைப் பார்க்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதிருக்கும். பெயர் நினைவிருக்கிறது. இன்னும் தேடிப் பார்க்கவில்லை.