எதை எழுதாமல் விடுவது

போன பொங்கலுக்குத் திருவரங்குளம் போயிருந்தபோது அக்கா மகள் தன் டேப்லெட்டைக் காட்டினாள். புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பெரும்பாலான பாடங்களுக்கு நோட்டுப் புத்தகம் கிடையாது. போர்டைப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியரின் ஸ்லைடுகள் தானாக வந்து சேரும். அதன்மேல் ஸ்டைலஸால் மஞ்சள் அடிக்கலாம். ஒளிச்சேர்க்கை பாடத்தைத் திறந்தாள். நாற்பது பக்கம் இருக்கும். பாதிக்குமேல் மஞ்சள்.

“இதுல நீ எழுதுனது எதும்மா?” என்றேன்.

“எல்லாமே இருக்கு மாமா. எழுதணும்னு அவசியமே இல்ல.”

“சரி, இதுல எது முக்கியம்?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “எல்லாம்தான்” என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பழக்கமானது. மென்பொருள் வேலையில் ‘லாக்’ என்று ஒன்று உண்டு. நிரல் ஓடும்போது நடப்பதை அது எழுதிக்கொண்டே போகும். புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் பயத்தில் எல்லாவற்றையும் எழுதவைப்பார்கள். ஒருநாள் நள்ளிரவில் சர்வர் விழும். லட்சம் வரிகளில் தேவையான அந்த ஒரு வரி கண்ணில் படாது. எதைப் பதிய வேண்டாம் என்று முடிவெடுக்க, நிரல் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் புரிந்திருக்க வேண்டும். குறிப்பெடுப்பதும் அப்படித்தான். ஆசிரியர் பேசும் வேகத்துக்குக் கை ஓடாது. அந்தப் போதாமைதான் பத்து வாக்கியத்தை ஒன்றாகச் சுருக்க வைக்கிறது. விட்டதற்கும் நாம்தான் பொறுப்பு.

உடனே ‘அந்தக் காலத்து நோட்டு’ என்று உருகத் தோன்றியது. ஆனால் நான் என்ன ஒழுங்கு? பொறியியல் கல்லூரியில் பரீட்சைக்கு முந்தின நாள் செராக்ஸ் கடையில் வரிசையில் நின்றவன்தான். ஒரே ஒரு மாணவியின் நோட்டு, வகுப்பு முழுக்கப் பிரதி. அவள் ஓரத்தில் போட்டிருந்த கேள்விக்குறிகளும் சேர்ந்தே வந்தன. அவை எதற்கு என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு மார்க் வந்தது, அவளுக்குப் பாடம் வந்தது.

ஆய்வுகளும் சுலபமான தீர்ப்பு தரவில்லை. 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். லேப்டாப்பில் தட்டியவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதினார்கள். கையால் எழுதியவர்கள் கருத்துக் கேள்விகளில் மேலாக இருந்தார்கள். 2021இல் வேறொரு குழு அதையே திரும்பச் செய்தபோது, சொன்னபடி எழுதும் பழக்கம் அப்படியே இருந்தது, மதிப்பெண்ணில் மட்டும் தெளிவான வித்தியாசம் வரவில்லை. அதனால் காகிதத்தில் மந்திரம் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன்.

சொல்லக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. அங்கே ஒரு பையன், அரசுப் பள்ளி. கடலை பறிக்கும் நாட்களில் அம்மாவோடு காட்டுக்குப் போய்விடுவான். மறுநாள் நண்பனின் நோட்டைக் கடன் வாங்கி ராத்திரி பத்துமணி வரை பார்த்து எழுதுவான். அவனுக்குப் போர்டின் ஒரு படம் கிடைத்தால் அது வரம். 2011இல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, இந்தப் பக்கத்தில் பல வீடுகளுக்குள் வந்த முதல் கணினி அதுதான். 2023இல் ஸ்வீடன் அரசு பள்ளிகளில் மறுபடி அச்சுப் புத்தகங்களுக்குப் பணம் ஒதுக்கியது. இரண்டையும் எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த நாடு திரும்பிவரலாம். மேசையில் இரண்டு திரை வைத்திருக்கும் நான் அந்தப் பையனிடம் “காகிதமே போதும்டா” என்றால், அது வயிறு நிறைந்தவன் விரத மகிமை பேசுவது மாதிரி.

அப்போது அம்மாவின் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோதுதான் அம்மா எழுதக் கற்றார். இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அப்போதுதான். அம்மாவுக்கு ஒவ்வொரு எழுத்தும் சிரமம். அதனால் பால் கணக்கு, சீட்டுத் தவணை, யார் எவ்வளவு தரவேண்டும், அவ்வளவுதான் எழுதுவார். ஆனால் எந்த வரியைக் கேட்டாலும் அதன் பின்னாலிருக்கும் கதையைச் சொல்லிவிடுவார். அந்தச் சிரமத்தை யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. அந்தச் சிரமம் அம்மாவைச் செய்யவைத்த தேர்வை மட்டும் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் கேள்வி.

அக்கா மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். நாற்பது பக்கத்தையும் மூடிவிட்டு, அதே டேப்லெட்டில் வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, நினைவிலிருப்பதை எழுதச் சொன்னேன். முகத்தைச் சுளித்தாள். பத்து நிமிடத்தில் நாலு வரி எழுதினாள். கடைசி வரி: ‘செடி ராத்திரி சமைக்காது.’

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப ராத்திரிக்கு அது என்னத்த சாப்பிடும் மாமா?”

நாற்பது பக்கத்தை வைத்திருந்தபோது அவளுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. பதிலை நான் சொல்லவில்லை, அவளையே தேடச் சொன்னேன். டேப்லெட் கையில்தானே இருந்தது.