இருபத்தெட்டு நாள் பணம்

கோவை காந்திபுரத்தில் கிராஸ்கட் சாலை வழியே ஒரு மாலை நடந்து சென்றால், துணிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் மேலே, அயல்நாட்டுக் கல்விக்கு அழைக்கும் பலகைகள் கண்ணில் படும். மில்லை நம்பி வாழ்ந்தது ஒரு தலைமுறை. தறியையும் பனியனையும் பம்புசெட்டையும் நம்பியது அடுத்த தலைமுறை. இன்றைய பெற்றோரோ பிள்ளைகளின் கடவுச்சீட்டை நம்புகின்றனர். இதில் குறை காண நாம் முன்வரவில்லை. ஆபிரகாம் தம் நாட்டையும் இனத்தையும் விட்டுப் புறப்பட்ட நாள் முதல், நம்பிக்கை கொண்டோரின் வரலாறு பயணிகளின் வரலாறே அன்றோ? நாம் கேட்க விரும்புவது வேறொன்று. புறப்படுகிறவன் யாருடைய பணத்தின்மேல், எத்தகைய உண்மையின்மேல் கால் வைத்துப் புறப்படுகிறான்?

இக்கேள்வி சென்ற ஆண்டு நம் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. சோமனூர்ப் பக்கம் கூலிக்கு விசைத்தறி ஓட்டும் உறவினர் ஒருவர், பொறியியல் முடித்த தம் மகனோடு வந்திருந்தார். அவன் தாய் நமக்குத் தங்கை முறை. பையனுக்கு இங்கிலாந்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வீட்டுப் பத்திரத்தை ஈடாகக் கொடுத்துக் கல்விக்கடனுக்கும் எழுதியாயிற்று. ஏழரை இலட்சத்திற்கு மேற்பட்ட கடனுக்கு வங்கிகள் பொதுவாக நிலமோ வீடோ ஈடு கேட்பதுண்டு. கடன் கட்டணத்திற்குப் போதும். ஆனால் அந்நாட்டு விசா விதியோ, கட்டணத்தோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவையும் கணக்கில் காட்டச் சொல்கிறது. அத்தொகை மாணவன் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருந்தது என்று வங்கி எழுதித் தர வேண்டும்.

"மாமா, உங்க ரிட்டயர்மென்ட் பணத்தை அப்பா கணக்குல போட்டு வெச்சாப் போதுமுங்க. இருபத்தெட்டே நாளுங்க. ஒரு ரூவா தொடமாட்டமுங்க" என்றான் பையன். தந்தை வாய் திறக்கவில்லை. திண்ணைத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாருமே இப்படித்தானுங்க மாமா பண்றாங்க" என்றும் அவன் சொன்னான். அது பெரும்பாலும் மெய்தான். இவ்வாறு காட்டுவதற்கென்றே வட்டிக்குப் பணம் தருவோரும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகாமல் மாமன் முறை உள்ளவரிடம் வந்ததே அவர்களுடைய நேர்மைக்குச் சான்று எனலாம். கொங்கு நாட்டில் தாய்மாமன் சீரின்றிக் காதுகுத்தும் இல்லை, கல்யாணமும் இல்லை. அந்த முறையைச் சொல்லிக் கேட்கப்பட்டதை மறுப்பது எளிதன்று. இரண்டு நாள் தவணை கேட்டோம்.

அந்த இரண்டு நாளும் நமக்குள் வழக்காடினோம். இதனால் யாருக்கு நட்டம்? பணம் நம்மிடம் திரும்பி வந்துவிடும். இங்கிலாந்துக்கு ஒரு மாணவனால் கேடு வரப்போவதில்லை. எழுதப்படும் எண்ணும் பொய்யன்று. அந்நாளில் அக்கணக்கில் அத்தொகை இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வங்கித்தாள் கூறுவது வெறும் எண்ணையா? 'இப்பணம் இப்பிள்ளையின் உணவுக்கும் உறைவிடத்திற்கும் இருக்கிறது' என்பதையன்றோ அது கூறுகிறது? அது உண்மையன்று. எண்களை மெய்யாக வைத்துக்கொண்டு பொருளைப் பொய்யாக்குவது பொய்யிலேயே கூடுதல் சாமர்த்தியம் உள்ள வகை.

நட்டம் யாருக்கு என்பதற்கும் விடை மெல்ல விளங்கியது. ஜெர்மனி இதையே வேறு விதமாகச் செய்கிறது. ஓராண்டுச் செலவை முன்னதாகவே ஒரு முடக்கக் கணக்கில் போடச் சொல்லி, மாதந்தோறும் ஒரு பங்கை மாணவனுக்கே விடுவிக்கிறது. 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோ ஆயிற்று. மாதத்திற்கு 992 யூரோ. கனடாவும் தான் கேட்டுவந்த 10,000 டாலர் ஒருவர் பிழைக்கப் போதாது என்று கண்டு, 2024 சனவரி முதல் அதை 20,635 டாலராக உயர்த்தியது. விதி கடுமையானதே. ஆயினும் அது கேட்பது ஒரு தாய் கேட்கும் கேள்வியை: ஆறாம் மாதம் இவன் எதை உண்பான்? 28 நாள் பணம் அக்கேள்விக்கு விடையாகாது. படிப்புக் காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரத்திற்கு மேல் வேலை செய்ய இங்கிலாந்தில் மாணவருக்குப் பொதுவாக அனுமதி இல்லை. பற்றாக்குறை வரும்போது அவன் தாயிடம் தொலைபேசியில் என்ன சொல்வான்? 'சாப்பிட்டேன் அம்மா' என்பான். வங்கித்தாளில் தொடங்கிய பொய் அங்கே போய் முடியும்.

இங்கே ஒரு நெருடலை மறைக்கலாகாது. இவ்விதிகள் பணக்காரன் பிள்ளையை ஒன்றும் கேட்பதில்லை. உண்மை பேசும் ஏழை வீட்டிலிருக்க, பொய் காட்டியவன் விமானம் ஏறுகிறான். அப்படியிருக்க, பணமுள்ள மாமன் ஒருவன் ஏழை வீட்டாரிடம் உண்மையைப் போதிப்பது அறமா, மலிவான புண்ணியமா?

லூக்கா நற்செய்தியைத் திறந்தால் அங்கும் இரு குரல்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் கூறுகிறார். அவரே சீடர்களைப் பணப்பையின்றி அனுப்புகிறார். இறுதி இரவிலோ, பை உள்ளவன் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். இவற்றுள் எதை நம் இளைஞருக்குச் சொல்வது?

பையின்றிப் புறப்பட்ட ஒருவரை நம் கோவை மறைமாவட்டம் அறியும். 1842-இல் பிரான்சிலிருந்து புதுச்சேரி வந்திறங்கித் தமிழ் பயின்ற மெல்கியோர் தெ மரியோன் பிரேசிலாக், 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மலபார்ச் சடங்குகள் பற்றிய மனச்சான்றுச் சிக்கலால் 1855-இல் பொறுப்பைத் துறந்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவினார். அச்சபைக்காகப் பிரான்சின் ஊர்தோறும் மறையுரையாற்றிப் பணமும் ஆளும் திரட்டினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுன் துறையை அடைந்தபோது நகரில் கொள்ளைநோய். ஆபத்தை அறிந்தும் இறங்கினார். ஆறு வாரத்தில், சூன் 25 அன்று, மஞ்சள் காய்ச்சலால் மாண்டார். தோழர்களில் பலரும் மாண்டனர். பிறர் காசு கேட்ட இடத்தில் அவர் வீடுவீடாக நின்று கணக்கோடு கேட்டார். கணக்குப் பாராமல் கொடுத்தது தம் உயிரை மட்டுமே. தோழர்களும் அவ்வாறே, அந்நிலம் ஐரோப்பியரின் கல்லறை என்று பேர் பெற்றிருந்ததை அறிந்தே சென்றவர்கள்.

அதே லியோன் நகரில் பவுலின் ஷரிக்கோ என்னும் பெண்மணி வாழ்ந்தார். பட்டுத்தொழில் செய்யும் பெண்களிடம் வாரம் ஒரு காசு பெற்று, பத்துப் பேருக்கு ஒருவர் திரட்டும் ஏற்பாட்டைத் தொடங்கியவர் அவர். 1822 மே 3 அன்று உருவான விசுவாசப் பரப்புதல் சங்கம் அதிலிருந்து வளர்ந்ததே. இன்றும் அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறன்று நம் பங்குகளில் உண்டியல் சுற்றி வருகிறதே, அதன் வேர் அங்கேதான். அவருடைய பிற்காலம் பலருக்குத் தெரியாது. தொழிலாளருக்காக முன்மாதிரி ஆலை ஒன்று அமைக்க எண்ணித் தம் பணத்தையும் பிறர் நம்பித் தந்த பணத்தையும் போட்டார். நம்பியவர்கள் ஏமாற்றினர். 1862 சனவரியில் இறக்கும்வரை, வறியவராய், சிறு கடன் தந்தோருக்குத் திருப்பிச் செலுத்தப் பாடுபட்டார். திருச்சபை அவரை 2022 மே மாதம் அருளாளர் என அறிவித்தது.

இவ்விருவரையும் நினைத்தபோது நமக்கு ஓரளவு தெளிவு பிறந்தது. பையின்றிப் போகும் உரிமை தன் பையை விட்டுச் செல்வோனுக்கு உண்டு. பிறர் பையைப் பணயம் வைப்பவனுக்குக் கோபுரக் கணக்கே கட்டளை. நம் பையன் பணயம் வைப்பது தன்னையன்று. தந்தையின் வீட்டை, தறிக் கூலியை. அவன் அதை விசுவாசம் என்று அழைத்தால் நாம் ஒப்புவதற்கில்லை. ஆனால் கணக்குப் பொய்யென்றால் அதை மெய்யாக்கும் கடமை கணக்கைச் சுட்டிக்காட்டியவனுக்கும் உண்டு. ஷரிக்கோ அம்மையார் திரட்டிய அந்த ஒரு காசு காட்டுவதற்கல்ல, கொடுத்துவிடுவதற்கு.

மூன்றாம் நாள் அவர்களை அழைத்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்தோம். வாடகை, உணவு, பேருந்து, குளிருடை, விசாவோடு செலுத்தும் உடல்நலக் கட்டணம், கடன் வட்டி, கூலி குறைந்தால் தறி என்னாகும் என்பது வரை எழுதினோம். கூட்டிப் பார்த்தபோது பையனே பென்சிலைக் கீழே வைத்தான். 28 நாளுக்குத் தரமாட்டோம் என்றோம். நம் பணத்தில் ஒரு பங்கை வட்டியின்றி, அவன் வேலை பெற்றபின் திருப்பும் கடனாகத் தருவோம் என்றோம். அது மொத்தத்தில் பாதிக்கும் குறைவு. மீதிக்கு ஓராண்டு பொறுத்து, கல்விக் கட்டணம் பெரும்பாலும் வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களைப் பார்க்கலாம், அதற்குள் மொழி படிக்கலாம் என்றோம். அங்கும் முடக்கக் கணக்கு உண்டு என்பதை மறைக்கவில்லை. பங்கின் அன்பியங்களில் மாதம் சிறுதொகை சேர்த்து இத்தகைய பிள்ளைகளுக்கு உதவலாமே என்று பங்குத்தந்தையிடமும் சொன்னோம். அவர் சிரித்தார், மறுக்கவில்லை.

பையன் இங்கிலாந்து இடத்தை விட்டான். கோபம் இருந்தது. தங்கை நான்கு மாதம் நம்மோடு பேசவில்லை. கருமத்தம்பட்டிச் செபமாலை அன்னை திருவிழாவில் எதிரே கண்டும் முகம் திருப்பிக்கொண்டாள். அவன் இப்போது பகலில் தந்தையின் தறியருகே நிற்கிறான், மாலையில் ஜெர்மன் படிக்கிறான். சென்ற மாதம் ஒரு நாள் வந்து, "மாமா, அந்த நோட்டக் குடுங்க, விலையெல்லாம் மாறிப்போச்சுங்க" என்று கேட்டு வாங்கிச் சென்றான்.