வில்லும் நகமும்

கரடிகள் ஒரு நாள் மாநாடு கூட்டின. இடம், குவாஹி மலை. தலைமை, முதிய வெள்ளைக் கரடி. ஆராய்ந்த பொருள், மனிதனின் கொடுமை!

செரோக்கி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதை இது. வட அமெரிக்காவின் தென்கிழக்கே, மலையும் காடும் ஆறும் சூழ்ந்த பெருநிலத்தில், வெள்ளையர் கால் வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஊர் அமைத்து, மக்காச்சோளம் விளைத்து வாழ்ந்த மக்கள் அவர்கள். கரடி பேசுமோ என்று கேட்கும் தோழர்கட்குச் சொல்வோம்: பேசாது. கரடியின் வாயிலே தன் கவலையை வைத்துப் பேசியவன் மனிதன். அவன் பேச்சுக்குத்தான் செவி சாய்க்கிறோம்.

மனிதன் எதைக் கொண்டு நம்மைக் கொல்கிறான் என்று கேட்டது ஒரு கரடி. வில்லும் அம்பும் கொண்டு என்றது மற்றொன்று. அப்படியானால் நாமும் வில் செய்வோம் என்றன யாவும். மரம் கிடைத்தது, நாணுக்குக் குடல் வேண்டுமே! இனம் வாழட்டும் என்று ஒரு கரடி தன்னுயிரை ஈந்தது. நாண் பூட்டினர், அம்பு தொடுத்தனர். அந்தோ, நீண்ட நகம் நாணிலே சிக்கிக் குறி தவறிற்று. நகத்தை வெட்டிப் பார்த்தனர். அம்பு குறியிலே பாய்ந்தது! ஆரவாரம் எழுந்தது. அப்போது எழுந்தது வெள்ளைக் கரடி. நகம் போனால் மரம் ஏறுவது எங்ஙனம்? மரம் ஏறாவிடின் உண்பது எங்ஙனம்? நாணுக்காக ஒருவனை இழந்தோம். நகத்தையும் இழந்து எல்லோரும் பட்டினியால் மடிவதா? வில் நமக்கு வேண்டாம் என்றது. மாநாடு கலைந்தது.

இத்துடன் முடிந்தால் இது பழமைக்குப் பல்லாண்டு பாடும் கதையாகி விடும். முடியவில்லை. மானைக் கொல்லும் வேடன் மானிடம் மன்னிப்புக் கேட்பான். தவறினால் மான்களின் தலைவன் அவனுக்கு மூட்டுவலியை ஏவும். கரடியைக் கொல்பவனோ மன்னிப்பும் கேட்பதில்லை. ஏன்? கரடிகள் ஒரு முடிவும் செய்யாமல் கலைந்து போயினவே, அதனால்! வில்லை ஏற்றால் நகம் போகிறது. வில்லை மறுத்தால் மதிப்புப் போகிறது. கதை இரு பக்கமும் குத்துகிறது.

ஒடுக்கப்பட்ட மக்கள், தம்மை ஒடுக்குவோனிடமிருந்து எதைக் கற்கலாம், எதைக் கற்கலாகாது? இதுவே நாம் எடுத்துக்கொள்ளும் வினா. ஏட்டிலே எழுந்த வினா அன்று. செரோக்கி மக்கள் இதற்குத் தம் வாழ்வையே விலையாகக் கொடுத்து விடை தேடினர்.

வெள்ளிப் பணி செய்து பிழைத்தவர் சிக்வோயா. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். ஆனால், வெள்ளையன் தாளிலே கோடு கிழித்து, நெடுந்தொலைவிலுள்ளவனோடு பேசுவதைக் கண்டார். இது மந்திரமல்ல, மனிதன் செய்த கருவி. ஆகவே நாமும் செய்யலாம் என்று துணிந்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு உழைத்தார். பித்தன் என்று ஏசினர், சூனியக்காரன் என்று தூற்றினர் என்று வரலாறு கூறுவோர் எழுதுகின்றனர். 1821-ம் ஆண்டு, ஓர் அசைக்கு ஓர் எழுத்தாக, எண்பத்தைந்துக்குச் சற்று மேற்பட்ட எழுத்துக்கள் உருவாயின. தன் சிறு மகள் அயோக்காவைத் தொலைவிலே நிறுத்தி, தாம் எழுதியதை அவள் படிக்க, ஐயுற்றோர் வாயடைத்துப் போயினர். எழுத்தே இல்லாதிருந்த மொழியிலே, சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் எழுதினர், படித்தனர். 1828-ம் ஆண்டு பிப்ரவரி 21-ல் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ என்ற இதழ், செரோக்கியும் ஆங்கிலமுமாக, அவர்தம் தலைநகரான நியூ எக்கோட்டாவிலிருந்து வெளிவந்தது.

இதோ, நகத்தை வெட்டாமலே நாணேற்றிய கரடி! சிக்வோயா வெள்ளையனின் எழுத்து முறையை இரவல் வாங்கவில்லை. எழுதுவது என்ற அறிவை வாங்கி, அதைத் தம் மொழிக்கு ஊழியம் செய்ய வைத்தார். வைத்தியர்கள் தம் மருந்து முறைகளையும் அந்த எழுத்திலே குறித்து வைத்தனர். கரடி மாநாட்டுக் கதை நமக்குக் கிடைத்ததும், ஆங்கிலம் பேசாத அயூனினி போன்ற முதியோர் 1887-ம் ஆண்டிலிருந்து ஜேம்ஸ் மூனி என்ற ஆராய்ச்சியாளரிடம் சொல்லி, 1900-ம் ஆண்டு நூலேறியதால்தான்.

எழுத்தோடு நிற்கவில்லை. 1827-ம் ஆண்டு அரசியல் சட்டம் இயற்றினர். சட்டமன்றம், நீதிமன்றம், பள்ளி, அச்சகம் அத்தனையும் கண்டனர். நாகரிகம் அடையுங்கள், நிம்மதியாக வாழலாம் என்று வாஷிங்டன் உபதேசித்ததல்லவா? அடைந்து விட்டோம், பாருங்கள் என்றனர். ‘நாகரிகக் குலங்கள் ஐந்து’ என்று வெள்ளையர் சூட்டிய பட்டியலில் அவர்கள் பெயரும் ஏறிற்று.

பட்டம் கிடைத்தது, பாதுகாப்புக் கிடைத்ததா? அவர்கள் நிலத்திலே 1829-ம் ஆண்டு பொன் வேட்டை தொடங்கிற்று. அவர்தம் மண்ணைத் தன் ஆட்சிக்கு உட்பட்டதென அறிவித்த ஜார்ஜியா அரசு, வெள்ளையனுக்கு எதிராக அவர்கள் சாட்சி சொல்லவும் தடை போட்டது. 1830-ம் ஆண்டு, பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அகற்றும் சட்டம், கீழ் அவையில் ஐந்தே வாக்கு மிகுதியால் நிறைவேறிற்று. வழக்காடினர். ஜார்ஜியாவின் சட்டம் செரோக்கி மண்ணில் செல்லாது என்று 1832-ம் ஆண்டு தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். தீர்ப்புத் தாளிலே இருந்தது. துப்பாக்கி ஜார்ஜியாவிடம் இருந்தது. தீர்ப்பை நிலைநாட்டக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் முன்வரவில்லை. 1835-ம் ஆண்டு இறுதியில், மக்கள் மன்றத்தின் ஒப்புதலே இல்லாத ஒரு சிறு கூட்டம், நிலம் முழுவதையும் விட்டுத் தருவதாகக் கையெழுத்திட்டது. ஒப்பமாட்டோம் என்று 15,000-க்கு மேற்பட்டோர் பெயரிட்டு விண்ணப்பித்தனர். ஆயினும் செனட் சபை, தேவையான அளவுக்கு ஒரே வாக்கு மிகுதியாக, அதனை ஏற்றுக் கொண்டது.

1838-ம் ஆண்டு வந்தது. 7,000 படைவீரர் வீடு வீடாக நுழைந்தனர். ஏறத்தாழ 16,000 மக்கள் பிடிக்கப்பட்டு, முகாம்களில் அடைக்கப்பட்டு, மேற்கே விரட்டப்பட்டனர். நோயிலும் குளிரிலும் மடிந்தோர் 4,000 பேர் வரை என்று கணிப்பர். கண்ணீர்ப் பாதை என்று அதற்குப் பெயர்.

முதற் பாடம் இங்கே இருக்கிறது. உரிமை என்பது நாகரிகத் தேர்விலே தேறியவனுக்கு வழங்கும் பரிசன்று. தேர்வு வைப்பவனே பறிப்பவனாகவும் இருந்தால், தேறியவனும் தோற்பான். செரோக்கி மக்களுக்கு அந்த மண்ணிலே உரிமை இருந்தது, இதழ் நடத்தினர் என்பதற்காக அல்ல. மனிதர், அங்கே வாழ்ந்தனர் என்பதற்காக.

ஆனால் பாடம் அத்துடன் முடியவில்லை. இனிச் சொல்லப் போவது கசப்பானது. துன்புற்றோரைப் பற்றி எழுதும்போது கசப்பை மறைப்பது அன்பாகத் தோன்றலாம். உண்மையில் அது அவர்களை முழு மனிதராக மதிக்காமை.

பழைய செரோக்கி வாழ்விலே குலம் தாய்வழி. மொத்தம் ஏழு குலங்கள். வீடும் வயலும் பெண்ணின் பொறுப்பு. மன்றத்திலே பெண்களின் குரல் ஒலித்தது. நிலத்தை இனியும் விற்காதீர் என்று 1817-ம் ஆண்டு பெண்கள் கூடித் தலைவர்களுக்கு விண்ணப்பம் விடுத்தனர். பத்தே ஆண்டில் வந்த அரசியல் சட்டம், வாக்குரிமை ஆணுக்கு மட்டும் என்றது! கடவுள் இல்லை என்போன் அரசுப் பதவி வகிக்கலாகாது என்ற விதியும் அதிலே உண்டு. எங்கிருந்து வந்தன இவை? அண்டையிலிருந்த வெள்ளையர் சட்டங்களைப் பார்த்து எழுதியவை. வில்லோடு சேர்ந்து வந்த வினை. வெட்டுண்ட நகம்.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. வெள்ளைப் பண்ணையாரைப் பார்த்து, செரோக்கி செல்வர் சிலர் கருப்பின மக்களை அடிமைகளாக வாங்கினர். 1835-ம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 1,600 அடிமைகள். முதல்வர் ஜான் ராஸிடமும் அடிமைகள் இருந்தனர். கண்ணீர்ப் பாதையிலே அந்த அடிமைகளும் நடந்தனர். எஜமானன் நாட்டை இழந்து நடந்தான். அடிமை, இழக்க நாடும் இன்றி, எஜமானனின் சுமையையும் தாங்கி நடந்தான்.

மேற்கே போய்ச் சேர்ந்த பின்னராவது நெஞ்சம் இளகிற்றா? 1841-ம் ஆண்டு அக்டோபரில் செரோக்கி மன்றம் ஒரு சட்டம் செய்தது: அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருவது குற்றம்! சிக்வோயா எழுத்தைத் தந்து சரியாக இருபது ஆண்டு. தாளிலே பேசும் வித்தை வெள்ளையனுக்கு மட்டுமே உரியதன்று என்று நிலைநாட்டிய மக்கள், அது கருப்பனுக்கு உரியதன்று என்று விதித்தனர். மறு ஆண்டு நவம்பரில், இருபதுக்கு மேற்பட்ட அடிமைகள் மெக்சிகோவை நோக்கித் தப்பியோடினர். அவர்களைப் பிடித்துவர நூறு பேர் கொண்ட படையை அனுப்பியது செரோக்கி அரசு. துப்பாக்கி முனையிலே விரட்டப்பட்டு நான்கே ஆண்டு ஆனவர்கள், துப்பாக்கி ஏந்தி விரட்டினர்!

கதையிலே நாணுக்காகக் கரடி தானே உயிர் தந்தது. இங்கோ, நாண் பிறன் குடலிலே திரிக்கப்பட்டது.

அதனால் செரோக்கி மக்களுக்கு இழைத்த கொடுமை நியாயமாகி விடுமா? ஆகாது. அடிமை வைத்திருந்தவன் நிலத்தைப் பறிக்கலாம் என்று சொல்ல, ஆயிரமாயிரம் அடிமைகள் வைத்திருந்த ஜார்ஜியாவுக்கு வாயேது? பெரும்பாலான செரோக்கிக் குடும்பங்கள் அடிமை வைத்திருக்கவும் இல்லை. ஆனால், பட்ட துன்பம் ஒருவனைத் தானாகவே தூயவனாக்கி விடுவதில்லை. தழும்பைக் காட்டி நீதி கேட்கலாம். தழும்பைக் காட்டிப் பிறர் முதுகிலே தழும்பு ஏற்படுத்தும் உரிமை கேட்கலாகாது.

இந்தக் கணக்கு இருபத்தோராம் நூற்றாண்டு வரை நீண்டது. 1863-ம் ஆண்டு, உள்நாட்டுப் போருக்கு இடையே, செரோக்கி மன்றம் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றோருக்கும் அவர்தம் வழியினருக்கும் செரோக்கியர்க்குள்ள எல்லா உரிமையும் உண்டு என்று 1866-ம் ஆண்டு ஒப்பந்தம் கூறிற்று. கூறியும் என்ன? 2007-ம் ஆண்டு வாக்கெடுப்பு நடத்தி, இரத்த வழி செரோக்கியர் அல்லர் என்று அவர்களுள் பெரும்பாலோரைக் குடியுரிமையினின்று நீக்கினர். 2017-ம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றம், ஒப்பந்தச் சொல் ஒப்பந்தச் சொல்லே என்றது. 2021-ம் ஆண்டு, செரோக்கி உச்சநீதி மன்றமே தன் அரசியல் சட்டத்திலிருந்து ‘இரத்த வழி’ என்ற சொற்களை அகற்றிற்று. ஜார்ஜியா அவமதித்த அதே ஆயுதம், சட்டம், தம் வீட்டுக் குற்றத்தின் மீதே ஏவப்பட்டது. பெண்ணின் குரலும் மீண்டது: 1987-ம் ஆண்டு, அந்நாட்டின் தலைமைப் பதவிக்கு வில்மா மேன்கில்லர் என்ற பெண்மணியை மக்கள் தேர்ந்தெடுத்தனர்.

ஆகவே, வெள்ளைக் கரடியின் விடை போதாது. நகத்தை வெட்டியோரின் விடையும் தகாது. அறிவு எவன் கையிலிருந்தாலும் அதற்கு உடையவன் இல்லை. எழுத்தை, அச்சை, சட்டத்தைக் கூசாது கற்கலாம். ஆதிக்கம் எவனிடமிருந்து வந்தாலும் அதற்கு நியாயம் இல்லை. அவனுடைய சவுக்கை, அவனுடைய வேலியை, அவனுடைய குலச்செருக்கைக் கற்கலாகாது. இரண்டையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் போதும்: நாம் கற்பது நமக்குக் கீழே நிற்பவனையும் நிமிர வைக்குமா, இன்னும் குனிய வைக்குமா?

கரடிகள் கூடிய குவாஹிக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கிளிங்மன் என்ற அரசியல்வாதியின் பெயரைச் சூட்டியிருந்தனர். செரோக்கியர் கேட்டனர், 2024-ம் ஆண்டு மலை தன் பழம்பெயரைப் பெற்றது. மலை பெயரைப் பெற்றுவிட்டது. மாநாடு மட்டும் முடியவில்லை. ஒடுக்கப்பட்டோர் எங்கெங்கு கூடுகின்றனரோ, அங்கெல்லாம் வில்லும் நகமும் நடுவிலே வைக்கப்பட்டிருக்கின்றன.