தடயத்தின் வயது

பழமையைப் போற்றுதல் பண்பாட்டின் அடையாளம் என மாணவர்க்கு நாம் கற்பித்து வருகிறோம். ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட பானையோடு ஒன்றைக் கண்டால் வணங்காத குறையாக அதன்முன் நிற்கிறோம். ஆனால், மனிதன் விட்டுச்சென்ற தடயம் எத்தனை ஆண்டு பழையதானால் நம் மதிப்புக்கு உரியதாகிறது? முப்பது ஆண்டு போதாதா? புத்தளக் கரையோரமாக அண்மையில் மேற்கொண்ட மூன்று நாட் பயணத்தில் எழுந்த இவ்வினா இன்னும் நம்மை விட்டபாடில்லை.

நண்பர் சிலராகக் கூடாரமும் அரிசியும் சமையற் பாத்திரங்களும் ஏற்றிக்கொண்டு வாடகை வான் ஒன்றிற் புறப்பட்டோம். ஆரவாரமற்ற வறண்ட நிலத்தை, ஆளில்லா வெளியைக் காணவேண்டும் என்பதே நோக்கம். நகரத்தில் வாழ்வோர்க்கு இப்படியோர் ஆசை வருவதில் வியப்பில்லை. முதல் இரவு கற்பிட்டியில். ஒரு புறம் களப்பு, மறுபுறம் கடல், இடையே மணல். வழியிலிருந்த தேநீர்க் கடையில் மூதாட்டி ஒருவர் எங்கே போகிறீர்கள் என்று வினவினார். முகாம் அடிக்கப் போகிறோம் என்றோம். அவர் சிரித்துவிட்டார்.

“முகாமா? நாங்க இருபது வருஷம் முகாமிலதான் இருந்தோம், மகன். அதுக்கு யாரும் காசு குடுத்து வந்ததில்ல.”

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவிலிருந்து படகேற்றப்பட்டோர் கரையிறங்கிய இடம் இதே கற்பிட்டிதான். தமிழரின் பெயரால் நிகழ்ந்த அக்கொடுமையைத் தமிழாசிரியராகிய நாம் வகுப்பறையில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்? ஒரு முறையும் இல்லை. மூதாட்டியின் ஊர் தீவில் அன்று, பெருநிலத்து முசலிப் பகுதியில். அவ்வூரைப் பற்றி அவர் சொன்னதைப் பின்னர் கூறுவோம்.

மறுநாள் எலுவன்குளம் வழியே கலா ஓயாவைக் கடந்து வில்பத்துவினுள் நுழைந்தோம். பாலையும் வீரையும் செறிந்த காடு, காலடியிற் செம்மண். 1938 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்காட்டினுள்தான் பொம்பரிப்பு உள்ளது. இறந்தோரின் எலும்புகளைத் தாழிகளில் இட்டுப் புதைத்த ஆதி இரும்புக்கால மக்களின் இடுகாடு அது. 1956 இலும் 1970 இலும் அங்கு அகழாய்வுகள் நடந்தன. கருப்பு-சிவப்பு மட்கலங்களும், ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு காணப்பட்ட ஒற்றுமையும் அறிஞர் கருத்தை ஈர்த்தன. அவ்வெலும்புகள் எவ்வினத்தாருடையவை என்று இன்று வழக்காடுவோர் பலர். இறந்தவர்களை அழைத்துச் சாட்சி சொல்லவைக்கும் வழக்கு அது. நாம் அதில் நுழையோம். வடக்கே குதிரைமலையின் செம்பாறை முனையில் அல்லியரசாணியின் அரண்மனை இருந்ததென்பது கதை. ஆளில்லா நிலம் தேடிவந்த நமக்கு, கால் வைத்த இடமெல்லாம் யாரோ ஒருவரின் வீடாகவோ கல்லறையாகவோ இருந்தது.

மூன்றாம் நாள் காட்டின் கிழக்கெல்லைக்கு அப்பாலுள்ள தந்திரிமலைக்குச் சென்றோம். குகைச் சுவரில் விலங்குகள், மனித உருவங்கள், எளிய கோடுகள். வேடர்தம் முன்னோர் வரைந்தவை என்பது பொதுவாக நிலவும் கருத்து. செலிக்மன் தம்பதியர் வேடர் பற்றி 1911 இல் வெளியிட்ட நூலில், இத்தகைய குகை ஓவியங்களை வரைந்தோர் பெண்கள் எனக் கேட்டறிந்ததைப் பதிந்துள்ளனர். வேட்டைக்குப் போன கணவர் திரும்பும் வரை, சாம்பலைக் குழைத்து விரலால் தீட்டியிருக்கிறார்கள். காத்திருப்பின் ஓவியங்கள்! நெடுநேரம் அங்கே நின்றோம்.

நின்றபோதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. 1983 இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா உருவானபோது, அக்காட்டை வேட்டைநிலமாகக் கொண்டு வாழ்ந்த வேடர்கள் வெளியேற்றப்பட்டுக் குடியேற்றத் திட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். முன்னோரின் கோடுகளுக்கு அரச பாதுகாப்பு. அவர்தம் பேரன் காட்டுக்குள் வில்லெடுத்தால் குற்றவாளி. ஓவியம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. தாழியும் கேட்பதில்லை. உயிரோடிருப்பவன் நிலம் கேட்கிறான். பழமைமீது நமக்குள்ள பற்றில், வாரிசு வந்து உரிமை கோரமாட்டான் என்ற நிம்மதியும் ஒரு பங்கு கலந்திருக்கிறதோ என்று ஐயுறுகிறோம்.

முசலிக் கதையும் இதுவே. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி போன்ற ஊர்களின் மக்கள் 2009 இல் போர் முடிந்தபின் திரும்பியபோது, வீட்டு முற்றங்களில் மரம் வளர்ந்திருந்தது. 2012 இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல் அப்பகுதியின் நிலங்களைக் காடு என்றது. காட்டை அழிக்கிறார்கள் என்ற கூக்குரல் 2015 இல் நாடெங்கும் எழுந்தது. குடியேற்றத்துக்காகக் கல்லாற்றுப் பகுதியிற் காடு வெட்டியது சட்டவிரோதமென 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காடு வேண்டாம் என்பார் அறிவிலிகள். யானைக்கும் சிறுத்தைக்கும் வாக்குரிமை இல்லை. அவற்றுக்காகப் பேசுவோர் வேண்டும். எந்த இடம் பழைய வளவு, எந்த இடம் புதிதாக வெட்டியது என்பதை ஊர் ஊராகப் பிரித்தறிந்தே தீர்க்கவேண்டிய சிக்கல் இது. ஆயினும் துப்பாக்கி முனையில் ஊரை விட்டவர் இல்லாத இருபதாண்டை, அவர் தம் நிலத்தைக் கைவிட்டதற்குச் சான்றாகக் கொள்வது எந்த அறம்? பொம்பரிப்பில் மரங்களினடியே மனிதரைத் தேடித் தோண்டினோம். முசலியில் மரத்தைக் காட்டி மனிதர் இருந்ததையே மறந்தோம்.

மூதாட்டி சொன்னது இதுதான். ஊரில் அவர்கள் வளவில் ஒரு கிணறு உண்டு. அதன் விளிம்பில், சீமெந்து காயுமுன், அவருடைய வாப்பா ஈர்க்கினால் ஆண்டைப் பொறித்திருந்தாராம்: 1962. “அந்தப் பக்கம் போனா ஒரு படம் புடிச்சிட்டு வாங்க மகன்” என்று கேட்டிருந்தார். நாம் அந்தப் பக்கம் போகவில்லை. குதிரைமலையிற் கடலைப் படமெடுத்துவிட்டு, ஓவியங்களைக் காணக் கிழக்கே திரும்பினோம்.