தீமை செய்து நன்மை தேடலாமா?



தாம்பரத்தில் விமானப்படை நிலையமும் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிக் கழகமும் உள்ள நமக்குப் பட்டாளத்து வாழ்வு புதிதன்று. ஆகையால் இதைச் சிந்திக்க நமக்குக் கடமையுண்டு.

1930-களின் தொடக்கத்திலிருந்து பத்தாண்டுகளுக்கும் மேலாக, இன்று பாகிஸ்தானிலுள்ள ராவல்பிண்டியில், இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் நிலையத்து விஞ்ஞானிகள் இந்தியச் சிப்பாய்கள் பல நூறு பேர்மீது கடுகு வாயுவைச் சோதித்தார்கள். வெள்ளையர் தோலைவிட இந்தியர் தோல் அதிகம் வேகுமா என்று அறிய விரும்பினார்களாம்! அரைக்கால் சட்டையோடு வாயு அறைக்குள் அனுப்பப்பட்டவர்களும் உண்டு. பழைய அரசாங்கக் காகிதங்களிலிருந்து 2007-ல் 'கார்டியன்' பத்திரிகை இதை வெளியிட்டது.

வாயு என்பது பெயர்தான். உண்மையில் அது எண்ணெய் போன்ற திரவம். பட்டவுடன் வலிக்காது. சில மணி நேரம் சென்றபின் கண் எரியும், தோல் கொப்புளிக்கும், மூச்சுக்குழல் புண்ணாகும். பிற்காலத்தில் புற்றுநோயும் வரலாம். மாற்று மருந்து இன்றும் கிடையாது. ஆடையைக் களைந்து உடனே கழுவுவதே முதல் வழி. அச்சிப்பாய்களுக்குப் பின்னாளில் நோய் கண்டதா என்று இராணுவம் விசாரிக்கவுமில்லை.

"பகைவன் இவ்வாயுவை வீசினால் என்ன செய்வது? முன்கூட்டியே சோதித்தால்தானே வைத்தியம் தெரியும்?" என்பார்கள். அற்பமான வாதமல்ல. 1917-ல் ஈப்ரு போர்க்களத்தில் ஆயிரக்கணக்கானோர் இதனால் வெந்தார்கள். மேலும், இதே இனத்து நைட்ரஜன் கடுகுச் சேர்மம் 1942-ல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. ஆனால் அங்கே மருந்து ஏற்றவன் நோயாளி. அவனைக் குணப்படுத்தவே ஏற்றினார்கள். ராவல்பிண்டியிலோ சுகமாயிருந்தவனைப் புண்ணாக்கினார்கள்.

"போரில் உயிரையே கொடுப்பவன் தோலைக் கொடுக்கக் கூடாதா?" கொடுக்கலாம், அவனே கொடுப்பானாகில். போரில் அவன் அபாயத்தை அறிவான். கையில் ஆயுதமும் இருக்கும். வாயு அறையிலோ அவனை வருத்துகிறவர்கள் அவனுடைய மேலதிகாரிகளே. அவர்கள் முன் அவன் சொல்லும் "சரி ஐயா" கீழ்ப்படிதலேயன்றிச் சம்மதமாகாது. பலருடைய நன்மைக்காக ஒருவனைக் கருவியாக்கும் கணக்கைக் கைப்பாசும் போட்டான்.

1993-ல் கையெழுத்தான இரசாயன ஆயுத உடன்படிக்கையின்படி, இந்தியா தன்னிடமிருந்த ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட கடுகு வாயுவை 2009-க்குள் அழித்துவிட்டது, நல்ல காரியம். சோதனைகள் மட்டும் நின்றபாடில்லை. புது மருந்துகளுக்கு அவை அவசியமுங்கூட. உங்களிடமோ உங்கள் பெற்றோரிடமோ ஆஸ்பத்திரியில் யாராவது ஆராய்ச்சிக்கென்று கையொப்பம் கேட்டால், தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். மறுக்கவும், நடுவில் விலகவும் சட்டம் இடந்தருகிறது. அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது.